மிச்சம் பிடித்த மாத்திரைகள்

சகாயம்மாளுக்கு வாய் நீளம் என்பது காரைக்கால் தலத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் மண்டபத்தூர் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை அவளோடு போனால் போதும். சளி பிடித்த பிள்ளையை ஜன்னலோரக் காற்றில் பிடித்துக்கொண்டு வருகிற தாயிலிருந்து, நிறைமாதக்காரி நிற்கும்போது சீட்டில் சாய்ந்துகொண்டு பீடி வலிக்கிற ஆசாமி வரைக்கும் ஒருவரையும் விடமாட்டாள். அவள் ஏறிவிட்டால் கண்டக்டர் தன் பாட்டுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கலாம், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

எழுபத்துநாலில் மண்டபத்தூர் துணைச் சுகாதார நிலையத்துக்கு அவளை நர்சாகப் போட்டார்கள். அப்போது வயது முப்பத்தொன்று. துணைச் சுகாதார நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஒரு மேசை, பிள்ளைகளை எடைபோட ஒரு தராசு, சுவரில் பல்லிகள். அங்கிருந்து மீனவர் குடிசைகளுக்கு மணலில் நடந்துபோய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பிரசவம் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச வேண்டும். கணவர் லூர்துநாதன் காரைக்கால் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். வீட்டில் பேசுகிற பொறுப்பு முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் உட்கார்கிறவள் வாரநாட்களில் பையில் நிரோத் உறையும் கருத்தடை மாத்திரையும் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று மாதா கோயிலில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பங்குச் சாமியாரே ஒருதரம் கூப்பிட்டுக் கேட்டார். "ஒருநாள் என்னோட குடிசைக்கு வந்து பாருங்க சாமி. அதுக்கப்புறமும் கேக்கணும்னு தோணிச்சுன்னா கேளுங்க" என்றாள் சகாயம்மாள். சாமியார் குடிசைக்கு வரவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. அந்த அளவுக்கு அவர் நல்லவர்தான்.

எழுபத்தாறில், எமர்ஜென்சி சமயத்தில், ஜீப் வந்தது. மாதத்துக்கு இத்தனை ஆண்களைக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேலேயிருந்து ஒரு கணக்கு. ஜீப்பின் முன்சீட்டில் சகாயம்மாளையும் ஏற்றிக்கொண்டார்கள். ஊரில் யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவளுக்குத்தானே தெரியும். அவளும் அந்த வெண்கலக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜீப் சத்தம் கேட்டதுமே மண்டபத்தூர் ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்கிவிடுவார்கள். ஜீப் போகிற வரைக்கும் அலைக்கு அப்பால் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அகப்பட்டவர்களைக் கையைப் பிடித்து ஏற்றியது வேறு ஆட்கள்தான், அவள் இல்லை. ஆனாலும் அவள் அந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மண்டபத்தூரில் அவளுக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவ்வளவு பேசுகிறவள் அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்கு இது வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

முதலில் தண்ணீர் கொடுத்தவள் அமுதம். தங்கப்பனுடைய மனைவி. தங்கப்பன் ஜீப்பைக் கண்டு கடலுக்கு ஓடியவர்களில் முதல் ஆள். அமுதத்துக்கு இருபத்தெட்டு வயதுக்குள் ஐந்து பிரசவம், நான்கு பிள்ளைகள் உயிரோடு. எழுபத்தெட்டு மாசியில் நடந்த அந்த ஐந்தாவது பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கிழிந்த புடவைகளை அடைத்து, வயிற்றை அமுக்கிப் பிடித்தபடி சகாயம்மாள் அவளை டாக்சியில் போட்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிழைத்தது அதிர்ஷ்டம். அங்கே டாக்டர் மங்கையர்க்கரசி அம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது சகாயம். இப்ப ஆபரேஷன் பண்ணவும் முடியாது, உடம்புல ரத்தமே இல்ல. ஒரு வருஷமாவது தேத்தணும். அதுவரைக்கும் இவ கர்ப்பமாகாம பாத்துக்கிறது உன் பொறுப்பு."

தங்கப்பனிடம் ஆண்களுக்கான ஆபரேஷன் பற்றிப் பேச்செடுத்தாள். அவன் எழுந்து வலையை உதறப் போய்விட்டான். சரி, மாத்திரை என்று முடிவாயிற்று. இருபத்தெட்டு மாத்திரை உள்ள அட்டை, தினம் ஒன்று. ஆனியிலிருந்து அமுதம் சாப்பிட ஆரம்பித்தாள். நாலைந்து மாதம் ஒழுங்காக ஓடியது.

ஐப்பசி பிறந்ததும் மண்டபத்தூர் ஆண்கள் கோடியக்கரைக்குப் போவது வழக்கம். அங்கே கரையிலேயே கொட்டகை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். இருபது நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். மாசி வரைக்கும் இப்படித்தான். இந்த வழக்கம் சகாயம்மாளுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அதை மாத்திரையோடு சேர்த்து அவள் யோசிக்கவில்லை.

மாதாமாதம் காலி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் புதிய அட்டை கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த ஐந்து மாதமும் அவள் அட்டையைக் கேட்கவில்லை. "மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்பாள். "சாப்பிடுறேங்க" என்பாள் அமுதம். 'தொடர்ந்து உட்கொள்கிறார்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த குடிசைக்குப் போய்விடுவாள். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஜீப்பில் வந்தவள் மறுபடியும் போலீஸ்காரி மாதிரி அதைக் காட்டு இதைக் காட்டு என்று கேட்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். நம்பிக்கை வைப்பது நல்லதுதான். அதோடு அட்டையையும் பார்த்திருக்கலாம்.

பங்குனியில் ஒருநாள் அமுதம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஐந்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி மாத்திரை அப்படியே இருந்தது.

"இத நீங்களே எடுத்துட்டுப் போயி வேற யாருக்காச்சும் குடுங்க நர்சம்மா. மிச்சம் புடிச்சு வச்சிருக்கேன்."

"மிச்சமா? தினம் ஒண்ணுன்னு சொன்னேனே?"

"அவுங்க கரையில இருக்குறப்ப தினம் ஒண்ணு தானுங்க. அவுங்க கோடியக்கரைக்குப் போயிட்டா எதுக்குங்க? ஆள் இல்லாத வூட்டுல வெளக்கு எரிப்பாங்களா? சர்க்காரு மாத்திரை, வீணாக்கக் கூடாதுன்னுதான்."

பெருமையாகத்தான் சொன்னாள். சிக்கனமாக இருந்ததற்கு நர்சம்மா மெச்சிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். இடையில் நாள் விட்டால் இந்த மாத்திரை வேலை செய்யாது. சகாயம்மாள் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியாக எப்போது தூரமானாய் என்று கேட்டாள். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டதில் மாதவிலக்கு கண்டபடி வந்துகொண்டிருந்தது, கார்த்திகைக்குப் பிறகு வரவே இல்லை, உடம்பில் ரத்தம் இல்லாததால் இருக்கும் என்று நினைத்தேன் என்றாள் அமுதம். படுக்கவைத்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஐந்து மாதம்.

அன்றைக்கு அவள் மற்ற குடிசைகளுக்கும் போனாள். மாத்திரை வாங்குகிற பெண்கள் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் வீட்டில் இதே மாதிரி மிச்சம் இருந்தது. ஒருத்தி மாடத்தில் வைத்திருந்தாள், ஒருத்தி அரிசிப்பானைக்குள். ஒருத்தி வீட்டிலும் ஒரு மாத்திரை வீணாகவில்லை.

மறுநாள் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இனிக் கலைப்பதும் பிரசவத்துக்குச் சமமான ஆபத்துதான், ஒன்பதாம் மாதத்துக்குள் முடிந்தவரை ரத்தத்தை ஏற்றிக் கொண்டுவா என்றார். சகாயம்மாள் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"நீ சொல்லித்தான் இருக்கே. அவ கேக்கல. உன் மேல தப்பு இல்ல" என்றார் டாக்டரம்மா.

"தினம் சாப்பிடுன்னு சொன்னேங்கம்மா. அவர் ஊர்ல இல்லாதப்பவும் சாப்பிடுன்னு சொல்லல. அந்த ஊர்ல நர்சா இருந்துட்டு அதைச் சொல்லாம இருந்தா அது என் தப்பு தானுங்களே."

டாக்டரம்மா டப்பாவை அவள் பக்கமே நகர்த்தினார்.

அடுத்த நான்கு மாதமும் சகாயம்மாள் அமுதத்தைப் போட்டுப் படுத்தியெடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கறிக்கடைக்குப் போய், ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை. இந்த மாத்திரையை அவள் கண்ணெதிரிலேயே விழுங்க வேண்டும். "வாயைத் தொற, நாக்கத் தூக்கு" என்பாள். "அவுங்க வூட்டுல இருந்தாலும் இல்லாட்டியும் இதத் திங்கணும், தெரியுதா?" என்பாள். அமுதம் சிரிப்பாள். வெளுத்துப்போன உதட்டோடு அவள் சிரிப்பதைப் பார்த்ததும் சகாயம்மாள் இன்னொரு பேரீச்சம்பழத்தை அந்த வாயில் திணிப்பாள்.

ஆடியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரத்தம் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதாது. வலி எடுப்பதற்கு முன்பே இரண்டு பாட்டில் ரத்தம் தயாராக இருக்க வேண்டும், ஆட்களைக் கொண்டுவா என்று. தங்கப்பன் ரத்தம் சேரவில்லை. லூர்துநாதன் ரத்தமும் சேரவில்லை. சகாயம்மாளுடையதும் சேரவில்லை. ஊர் ஆண்களைத்தான் கேட்க வேண்டும். ஊசியைக் கண்டு கடலுக்கு ஓடிய அதே ஆண்களை.

ஊர்ப் பஞ்சாயத்து கடற்கரையில் வலைக்கொட்டகையில் கூடும். அங்கே பெண்கள் பேசுவது வழக்கமில்லை. பெண்ணுக்கு ஒரு காரியம் என்றால் அவள் வீட்டு ஆண் வந்து சொல்ல வேண்டும். நர்சம்மாவாக இருந்தாலும் அதேதான். ஆகவே சகாயம்மாள் லூர்துநாதனைக் கடையைச் சாத்தச் சொல்லி அழைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் போகும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

கொட்டகையில் நாற்பது ஆண்கள். தலைவர் சண்முகசுந்தரம் நடுவில் உட்கார்ந்திருந்தார். லூர்துநாதன் எழுந்து நின்று கும்பிட்டார். "என் சம்சாரம் ஒரு தப்புப் பண்ணிட்டாங்களாம். அத அவுங்களே சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று சகாயம்மாள் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை.

தலைவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, சொல்லும்மா" என்றார்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து மணலில் வைத்தாள். குரல் எங்கேயோ போய்விட்டது. முன்னால் இருந்தவர்கள் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அமுதம் மாத்திரையச் சரியாச் சாப்பிடலைன்னு யாரும் சொல்லாதீங்க. அவ நான் சொன்ன மாதிரிதான் சாப்பிட்டா. நான்தான் முழுசாச் சொல்லல. நீங்க கோடியக்கரைக்குப் போறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கல. அட்டையப் பாத்திருந்தாலாவது முதல் மாசமே தெரிஞ்சிருக்கும். பாக்காமலே எழுதிட்டேன். இப்ப அவ உசிரு போயிடும்போல இருக்கு. ரெண்டு பேரு ரத்தம் வேணும். என்னுது சேரல. சேந்திருந்தா உங்க முன்னால வந்து நின்னிருக்க மாட்டேன். ஜீப்புல வந்து நின்னேனே, அதுக்கும் சேத்துக் கேக்குறேன். மனசுல வச்சுக்காதீங்க."

தலைவர், "நீ போம்மா, பேசிச் சொல்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதாள். லூர்துநாதன் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் பதினொரு ஆண்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் தீபாவளிச் சட்டை போட்டிருந்தார்கள். முதலில் சண்முகசுந்தரமே கையை நீட்டினார். வயதாகிவிட்டது, வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றவர்களில் மூன்று பேருடையது சேர்ந்தது. ஊசி குத்தும்போது ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டான். சகாயம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பங்குக்கு அவளும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அமுதத்தை அன்றைக்கே தலத்தெருவுக்கு அழைத்துவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். லூர்துநாதன் கட்டிலை விட்டுக்கொடுத்து ரேடியோப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்தார். ஒன்பதாம் நாள் காலையில் வலி எடுத்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. பயந்தபடியே ரத்தம் கொட்டியது. டாக்டரம்மா ஒருபக்கம், சகாயம்மாள் ஒருபக்கம், தலைக்கு மேலே பாட்டிலில் மண்டபத்தூர் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது போக்கு நின்றது. அமுதம் கண்ணைத் திறந்து, "பசிக்குதுங்க" என்றாள். உலகத்தில் அதைவிட இனிப்பான பேச்சை அதற்கு முன்னும் பின்னும் சகாயம்மாள் கேட்டதில்லை.

குழந்தைக்கு அவள் பேரை வைக்கப்போவதாகத் தங்கப்பன் சொன்னான். "வேணாம், பள்ளிக்கூடத்துல அது வாயாடுனா என்னையத்தான சொல்லுவாங்க" என்றாள். மாரியம்மாள் என்று வைத்தார்கள்.

அமுதத்துக்கு இப்போதும் ஆபரேஷன் செய்ய முடியாது என்றார் டாக்டரம்மா. சகாயம்மாள் தங்கப்பனிடம் பேச்செடுக்கவில்லை. தங்கப்பன்தான் தானாகக் கேட்டான், ஆண்களுக்கு அது எவ்வளவு நேரம் ஆகும் என்று. கால்மணி நேரம், ஆனால் எட்டு நாள் வலை இழுக்கக் கூடாது என்றாள். பிரச்சினை அங்கேதான் வந்தது. கடலில் அடிபட்டவனுக்கும் நோயில் படுத்தவனுக்கும் கூட்டாளிகள் மீனில் பங்கு கொடுப்பது ஊர் வழக்கம். இது அடிபட்டதில் சேருமா, நோயில் சேருமா? பஞ்சாயத்து இரண்டு மணி நேரம் இதை அலசியது. நோய் இல்லை, அவனாகப் போய்ச் செய்துகொள்வது என்றார்கள் சிலர். கடைசியில் சண்முகசுந்தரம், "குடும்பத்துக்காகத்தான கடலுக்குப் போறோம்? இதுவும் குடும்பத்துக்காகத்தான். கடல்ல அடிபட்டதாவே வச்சுக்குங்க" என்று தீர்த்துவைத்தார். ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் தங்கப்பன் வலை இழுத்ததைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. ஆபரேஷன் பலன் தர மூன்று மாதம் ஆகும், அதுவரை ஜாக்கிரதை என்று சகாயம்மாள் இந்தத் தடவை நான்கு தரம் சொன்னாள். அமுதத்தைத் திருப்பிச் சொல்லவைத்தாள். அடுத்த வருஷம் ஆறு பேர் அவர்களாக ஆபரேஷனுக்கு வந்தார்கள்.

அந்தப் பிஸ்கட் டப்பா அவள் மேசையிலேயே இருந்தது. மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் திறந்து காட்டுவாள். "இப்படி மிச்சம் புடிக்கக் கூடாது. கரையில இருந்தாலும் கடல்ல இருந்தாலும் தினம் ஒண்ணு. முடிஞ்ச அட்டைய என் கையில குடு" என்பாள்.

எண்பத்தாறில் திருநள்ளாறு பக்கம் மாற்றல் வந்தது. கடைசி நாள் அமுதம் ஒரு கூடை மீனோடு வந்தாள். பக்கத்தில் ஏழு வயது மாரியம்மாள், ஓயாமல் பேசிக்கொண்டு. பேர் வைக்காமலே அந்த வாய் வந்துவிட்டது.

"நீங்க இல்லாட்டி நான் இல்லீங்க நர்சம்மா" என்றாள் அமுதம்.

"தலகீழாச் சொல்ற. நீ பொழைக்காம இருந்திருந்தா நான் அன்னிக்கே இந்த வேலைய வுட்டுட்டுப் போயிருப்பேன். உனக்குத்தான் நான் நன்றி சொல்லணும். அந்தப் பதினோரு பேருக்கும் சொல்லணும். உன் மேல எவ்வளவு பிரியம் இருந்தா என்னையும் மன்னிச்சு ஊசிக்குக் கைய நீட்டியிருப்பாங்க."

அமுதம் கூடையை இறக்கி வைத்தாள். "எனக்காக இல்லீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "அன்னிக்கு நீங்க போனப்புறம் தலைவரு சொன்னாராம். சர்க்காரு ஆளுங்க எத்தனையோ பேரு இங்க வந்திருக்காங்க, தப்பு என்னுதுன்னு ஒருத்தரும் நம்ம முன்னால வந்து சொன்னதில்ல. இந்தப் பொம்பள சொல்லுது. இது சொன்னா இனிமே நம்பலாம்னு. அதுலதான் ரத்தம் குடுக்க வந்தாங்க. எங்க வூட்டுக்காரரும் அதுலதான் ஆபரேஷனுக்குப் போனாங்க. மத்தவங்களும் அதனாலதான் போனாங்க. இத்தன வருஷமா உங்ககிட்ட யாருமே சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. ஏழு வருஷமாக அது மன்னிப்பு என்றுதான் சகாயம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை என்று அவளுக்குத் தெரியாது. அமுதத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரிலேயே வாய் நீளமானவள் ஊரைவிட்டுப் போகிற அன்றைக்கு இப்படி நிற்பதை மாரியம்மாள் வேடிக்கை பார்த்தாள்.

பிறகு டப்பாவை எடுத்து, அடுத்து வரப்போகிற நர்சிடம் கொடுக்கச் சொல்லி அமுதத்திடம் கொடுத்தாள். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விளக்க வாயெடுத்தாள்.

"எனக்குத் தெரியுங்க" என்றாள் அமுதம். "நான் சொல்லிக்கிறேன். உங்க பஸ்ஸு வந்துடுச்சு, போங்க."